சிவப்புக்கோடு அண்ணன் பார்த்த கேபிள் பொருத்தம்

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்க மதுரையில் தெருவுக்கு நாலு ஜோசியர்கள் உண்டு. கம்ப்யூட்டர் கேபிளுக்குப் பொருத்தம் பார்க்க ஊருக்கே ஒரே ஆள்தான், சிவப்புக்கோடு அண்ணன்.

சி.டி. டிரைவிலிருந்து போகும் பட்டையான கேபிளின் ஓரத்தில் அப்போதெல்லாம் ஒரு சிவப்புக்கோடு ஓடும். தலைகீழாக மாட்டிவிட்டு வந்து நிற்பவர்களை, "செவப்புக்கோடு எந்தப் பக்கம்?" என்று அதட்டி அதட்டியே அந்தப் பெயர் வந்தது. சொந்தப் பெயர் அவர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருமுறை மேலூர்க்காரர் ஒருவர் அவர் கடைக்கு வந்து, "அண்ணே, சி.டி. டிரைவுக்கு ஒரு கேபிள்" என்றார்.

"பொட்டி எங்க?"

"கேபிள் வாங்கத்தானண்ணே வந்தேன்."

"பொண்ணப் பாக்காம மாப்ளைய முடிவு பண்ணுவியா? போயி பொட்டியத் தூக்கிட்டு வா!"

மனுஷன் மறுநாள் கம்ப்யூட்டரைப் பழைய வேட்டியில் கட்டிச் சுமந்து வந்தார். அளந்து கொடுத்த கேபிளை அவர் மடித்துப் பைக்குள் வைக்கப் போக, "அய்யய்யோ, மடிக்காதய்யா! உள்ள கம்பி அத்துப்போகும்" என்று பறித்து, துண்டு மாதிரி அவர் கழுத்தில் போட்டு அனுப்பினார் அண்ணன். பஸ்ஸில் கண்டக்டர் என்ன நினைத்தாரோ!

விளாங்குடியில் எனக்கொரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. தங்கைக்குக் கல்யாணமாகி இருபதாவது நாள் அவள் கணவர் துபாய் கிளம்பினார். திரும்பி வர இரண்டு வருஷம். கல்யாண வீடியோவை சி.டி.யில் போட்டுக் கையில் தருகிறேன் என்று ஜம்பமாகச் சொல்லியிருந்தேன். மத்தியானம் ரயில். காலையிலிருந்து நாலு சி.டி. பாதியிலேயே பாழ். மிச்சம் ஒன்றுதான். தங்கை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் பக்கத்தில் நின்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் பூட்டு. அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டு விவரம் சொன்னேன்.

கழுத்தில் கேபிளோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன் மாப்ள, ஹார்ட் டிஸ்க்கையும் சி.டி. ரைட்டரையும் ஒரே கேபிள்லயா மாட்டுவ? அது குடுக்கிற நேரம் இது வாங்க முடியாம முட்டிக்கிட்டு நிக்குதுக. இதுகளுக்குக் கூட்டுக்குடித்தனம் ஒத்துவராதுய்யா, தனிக்குடித்தனம் வையி!"

ரைட்டருக்குத் தனியாக ஒரு கேபிள் மாட்டினார். கடைசி சி.டி. சுற்றத் தொடங்கியது. பாதியைத் தாண்டியது. முழுசாக முடிந்து வெளியே வந்தது. தங்கை அதை எடுத்துக் கணவரிடம் கொடுக்குமுன் முந்தானையால் துடைக்கப் போனாள்.

"தொடைக்காத தாயி, கீறல் விழுந்துரும்" என்றார் அண்ணன். அவள் அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய கம்ப்யூட்டர் மூடியில்லாமல் கிடந்தது. அதன் சி.டி. டிரைவில் கேபிளைக் காணோம்.

"கடையப் போயித் தொறந்து எடுத்துட்டு வந்தா ரயிலு போயிருக்கும். எம்பொட்டி ரெண்டு நாளு சும்மா கெடந்தா கொறஞ்சா போகும்?" என்றார். "அந்தப் பிள்ளைக்கு ரெண்டு வருசம்ல மாப்ள."

அதுவரை கடைக்காரர் என்பதற்காகத்தான் அவரை 'அண்ணே' என்று கூப்பிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் மனசாரக் கூப்பிட்டேன்.