ஃபிரீஸருக்குள் ஒரு மணிக்கூடு

இந்தப் பிறந்தநாளுக்காவது புனிதவதியை ஆச்சரியப்படுத்தியே தீருவது என்று துரை முடிவெடுத்தது ஒக்ரோபர் நடுப்பகுதியில். திருமணமாகிப் பத்தொன்பது ஆண்டுகளாகியும் அவர் அதில் ஒரு தடவைகூட வென்றதில்லை. காரின் பின்பெட்டியில் ஒளித்த சேலையை அவள் மூன்றாம் நாளே கண்டெடுத்தாள். நிலக்கீழ் அறையில் பதுக்கிய இடியப்ப உரலில் மறுநாளே இடியப்பம் பிழிந்து அவருக்கே பரிமாறினாள்.

இம்முறை வாங்கியது ஒரு கைமணிக்கூடு. பழையது நின்றுபோனதிலிருந்து அவள் மல்வேர்ன் போகும் பஸ்ஸைக் குத்துமதிப்பாகவே பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை அதைத் தவறவிட்டு மழையில் நனைந்து வந்ததை அவர் மறக்கவில்லை. ஒரேயொரு சிக்கல். மணிக்கொரு தடவை அது 'பீப்' என்றது. துரை மூன்று பொத்தான்களையும் அமுக்கிப் பார்த்தார். அது அடங்கவில்லை. புனிதவதியின் காதோ, மாடியில் நின்றபடியே அடுப்பில் பால் பொங்குவதைக் கேட்கும் காது.

ஆனால் துரை வேலை செய்தது, இப்படிப் 'பீப்' ஒலி எழுப்பும் சின்னஞ்சிறு பஸர்கள் செய்யும் தொழிற்சாலையில். அவற்றைக் குளிர்பெட்டியில் வைத்து, பாகை இறங்க இறங்கச் சத்தம் எவ்வளவு குறைகிறதென்று அளந்தெழுதுவதே அவருடைய தொழில். அறைச்சூட்டில் காதைத் துளைக்கும் பஸர், பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டில் நுளம்பின் முனகலாகிவிடும். அதே பதினெட்டில் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறதே!

வெறுமையான வனிலா ஐஸ்கிரீம் வாளியொன்றில் மணிக்கூட்டை வைத்து மூடி, ஃபிரீஸரின் அடியில் தள்ளினார். புனிதவதிக்குச் சீனி வருத்தம், ஐஸ்கிரீமைத் தொடமாட்டாள். நாள்தோறும் வேலையால் வந்ததும் ஃபிரீஸர் கதவில் காதை வைத்துக் கேட்டார். முதலில் மெல்லிய முனகல். இரண்டு கிழமையில் அதுவும் நின்றது. குளிர் நன்றாக ஊறிவிட்டது என்று தன் கணக்கைத் தானே மெச்சிக்கொண்டார்.

நவம்பர் ஆறாந்திகதி காலை, எட்டு மணிக்குச் சற்று முன்னர், தேநீரோடு வாளியையும் மேசையில் வைத்தார்.

"விடியவெள்ளன ஐஸ்கிரீமோ?"

"திறந்து பாருமன்."

திறந்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்கள்கூடக் கலங்கின.

பத்தொன்பது ஆண்டுத் தோல்வியும் அக்கணமே கரைந்தது. சில்லிட்டிருந்த மணிக்கூட்டை உள்ளங்கைகளுக்குள் பொத்திச் சூடாக்கி, அவளுடைய கையில் கட்டிவிட்டார். அது கணீரென்று கூவியது. மணி எட்டு. சுவர் மணிக்கூட்டிலும் எட்டு.

துரையின் சிரிப்பு பாதியில் நின்றது. ஒக்ரோபர் கடைசி ஞாயிறன்று, குளிர்காலத்துக்காக ஊரெல்லாம் நேரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியது. ஃபிரீஸருக்குள் கிடந்த இது ஒன்பது அல்லவா காட்டவேண்டும்?

"இஞ்சாரும், இதை நீர் முந்தியே பாத்தனீரோ?"

புனிதவதி மறைக்கப் பார்த்தாள்; முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான், இறால் என்று நினைத்து வாளியை வெளியே எடுத்து வைத்தாளாம். குளிர் விட்டதும் இறால் கூவியதாம். வீட்டு மணிக்கூடுகளோடு அதன் நேரத்தையும் திருத்திவிட்டாளாம்.

"ஐஸ்கிரீம் வாளியிலை இறாலோ?"

"எங்கட வீட்டு ஐஸ்கிரீம் வாளிக்குள்ளை எப்பவாவது ஐஸ்கிரீம் இருந்திருக்கோ?"

பிறகேன் திரும்ப வைத்தாள் என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீங்கள் ஒவ்வொரு நாளும் அந்தக் கதவிலை காதை வைச்சுச் சிரிச்சுக்கொண்டு நிண்டீங்கள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை." அவள் அவருடைய குளிர்ந்த விரல்களைத் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள்.

துரை சற்றே தேறினார். எது எப்படியோ, குளிரில் சத்தம் அடங்குமென்ற தன் கணக்கு மட்டும் பிழைக்கவில்லை என்றார்.

"அந்தச் சத்தம் அண்டைக்கே நான் ரெண்டு பொத்தானை ஒண்டா அமத்தி நிப்பாட்டினதப்பா. இண்டைக்கு நீங்கள் முகம் கழுவேக்கைதான் திரும்பப் போட்டுவிட்டனான்."