மூடி இல்லாத முந்நூறு வோல்ட்

என் வீட்டுக்காரர் சிவராம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலாவது இட்லியைப் பிய்க்கும்போது சபதம் செய்தார். கடையில் வாங்கிய ஆம்ப்ளிஃபயரில் இனிமேல் தன் கிடாரை மாட்டப் போவதில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தன் கையாலேயே கட்டப் போகிறார். இட்லிக்குச் சட்னி போதுமா என்று கேட்டேன். சபதம் முடியட்டும் என்றார்.

வால்வு என்றால், பழைய ரேடியோப் பெட்டிக்குள் குட்டி பல்பு மாதிரி எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாய். அதன் வழியாக வந்தால்தான் கிடார் சத்தத்தில் ஒரு சூடு இருக்குமாம். காபியில் சூடு இல்லை என்று ஒரு நாளும் வாய் திறக்காத மனிதர், சத்தத்தில் சூடு தேடிப் புறப்பட்டார். அன்றிலிருந்து அவருக்கு வால்வே வாழ்வு.

அவரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிவகிரியில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. காலையில் எட்டு மணி பஸ், திரும்பி வர சாயங்காலம் ஆறரை. அப்படிப்பட்ட மனுஷன் மதுரைப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து டிரான்ஸ்ஃபார்மர் கொண்டுவந்தார். அலுமினியத் தகட்டை மடக்கித் துளை போட்டார். ஒவ்வொரு வயரையும் எறும்பு ஊர்வலம் மாதிரி வரிசை பிடித்து ஈயம் வைத்தார். மூன்று வால்வும் ஆரஞ்சு நிறத்தில் எரிந்த அன்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எங்கள் தெருவில் தறி ஓடுகிற வீடு நாற்பது உண்டு. வால்வு எரிகிற வீடு ஒன்றே ஒன்று.

பயமும் அன்றைக்கே ஆரம்பித்தது.

இதில் எவ்வளவு கரண்ட் என்று கேட்டேன். முந்நூறு வோல்ட் என்றார், மகள் வாங்கின மார்க்கைச் சொல்வது போல.

"ஆஃப் பண்ணிட்டா ஒண்ணும் இல்லல்லா?"

"ஆஃப் பண்ணாலும் கண்டென்சர்னு ஒரு டப்பா இருக்கு, அதுல கரண்ட் நிக்கும்ட்டி. மெல்லத்தான் இறங்கும்."

வீட்டில் பதினொரு மாதக் குழந்தை. கிடார்க்காரர் மகள் என்பதால் பெயர் ஸ்ருதி. அவளுக்கு இந்த உலகத்தில் எதைக் கண்டாலும் முதலில் விரல், அப்புறம் வாய். மேஜைக்கு மேலே மூடி இல்லாத முந்நூறு வோல்ட். மேஜைக்குக் கீழே ஸ்ருதி. நடுவில் நான்.

மூடி போட்டுவிடுங்கள் என்றேன். ஹம் போனதும் போடுகிறேன் என்றார்.

ஹம் என்பது அந்தப் பெட்டியின் வியாதி. ஆன் செய்ததும், கிடாரைத் தொடுவதற்கு முன்பே, தலைத் தீபாவளிக்கு மோதிரம் வராத மாப்பிள்ளை மாதிரி உம்ம்ம் என்று ஒரு முனகல். அதை விரட்ட ஐந்து வாரம் போராடினார். பெட்டியும் உம், அவரும் உம். ஸ்ருதி சுத்தமாக இல்லை என்று அவர் கத்துவார். அவள் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அழுவாள். நான் அவளை இன்னொரு முறை குளிப்பாட்டுவேன்.

இடையில் ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கோமதித்தாய் அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு ஆப்பிளுமாக வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. முந்தின நாள் அவர் போனில் யாரிடமோ, "வால்வு போச்சு, சரி பண்ண முடியாது, மதுரைக்குப் போய் மாத்தணும்" என்று சொன்னதைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறாள்.

"சின்ன வயசுலா மக்கா" என்றாள் என் கையைப் பிடித்து. "நெஞ்சைக் கிழிச்சா மாத்துவாவ?"

"இல்லக்கா. நாலு ஸ்க்ரூதான்."

விஷயம் விளங்கியதும் அக்கா ஆப்பிளைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். ஹார்லிக்ஸை அதற்குள் நோயாளி உடைத்துக் குடித்துவிட்டார்.

நான் என் பயத்துக்கு ஒரு நோட்டுப் போட்டேன். கான்வென்டில் படித்தவள் பயம் வந்தால் முதலில் மார்ஜின்தான் போடுவாள். பெட்டியில் ஒவ்வொன்றாகக் காட்டி, இதைத் தொட்டால் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்பேன். பெண்டாட்டி தன் பெட்டியைப் பற்றி விசாரிக்கிற சந்தோஷத்தில் அவர் அரை மணி நேரம் பிரசங்கம் செய்வார். நான் எழுதிக்கொள்வேன். தொட்டால் சாவு, சிவப்பு மை. தொட்டால் ஷாக், பச்சை மை. தொடலாம், நீலம். ஐந்து வாரத்தில் அந்தப் பெட்டி அவருக்கு மறந்துபோன இடத்தில்கூட எனக்கு மனப்பாடம். கட்டினவருக்கு ஆசை இருந்தது. எனக்கு அதைவிடக் கெட்டியாகப் பயம் இருந்தது.

நோட்டில் ஒரு இடம் இடித்தது. எர்த் எல்லாம் ஒரே போல்ட்டில்தான் போய்ச் சேர வேண்டும், இரண்டு வழி இருந்தால் ஹம் வரும் என்று அவரே சொல்லி நான் எழுதியது பக்கம் மூன்று. கிடார் வயரைச் செருகுகிற ஜாக்கின் இரும்பும் எர்த்துதான், அது தகட்டோடு ஒட்டித்தானே இருக்கிறது, தாராளமாகத் தொடலாம் என்று சொன்னது பக்கம் ஒன்பது. அதே ஜாக்கிலிருந்து போல்ட்டுக்குத் தனியாக ஒரு வயரும் போகிறது. அப்படியானால் தகடு வழியாக ஒன்று, வயர் வழியாக ஒன்று, வழி இரண்டுதானே? கேட்டேன். "அதெல்லாம் அப்படித்தான் இருக்கும். நீ குழந்தையைப் பாரு" என்றார்.

குழந்தையைப் பார்த்தேன். அதற்கடுத்த ஞாயிறு, அவர் பெட்டியை ஆன் செய்துவிட்டுப் போன் பேச வாசலுக்குப் போயிருந்தார். நான் அடுப்பில் பாலை இறக்கிவிட்டுத் திரும்பினால், ஸ்ருதி மேஜை விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். அவள் பிறந்து முதல் தடவையாகத் தானாக நிற்கிறாள். எரிகிற வால்வைப் பார்த்து "பூ" என்றாள். விரல் நீண்டுவிட்டது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. அவளை அள்ளியபோது விரலுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. அவளை இடுக்கிக்கொண்டே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். அவர் ஓடி வந்து குழந்தையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் வாய், "அதான் தொடலையே" என்றது.

மறுநாள் எட்டு மணி பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனதும் ஸ்ருதியைக் கோமதித்தாய் அக்கா மடியில் விட்டேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். பெட்டியின் பிளக் முந்தின நாளே பிடுங்கிக் கிடந்தது. அப்படியும் அவருடைய வோல்ட் மீட்டரை எடுத்து, சிவப்பு மையில் எழுதின இடமெல்லாம் வைத்துப் பார்த்தேன். சைபர். இன்னொரு தடவை பார்த்தேன். சைபர். ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியாகப் போகக் கூடாது என்று ஃபிசிக்ஸ் லேபில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் கை கட்டி நின்றதற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது.

ஜாக்கின் நட்டைக் கழற்றினேன். தகட்டில் அது உரசாமல் இருக்க ரப்பர் வேண்டும். வீடு முழுக்கத் தேடி, கடைசியில் ஸ்ருதியின் பால் பாட்டில் மூடிக்குள் இருக்கிற ரப்பர் வட்டத்தை எடுத்து இரண்டு வளையமாக வெட்டினேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, துளைக்குள் ஸ்ட்ராவில் ஒரு துண்டு. நட்டை முடுக்கினேன். மீட்டரை அவர் வைத்திருந்த இடத்திலேயே வைத்தேன்.

சாயங்காலம் அவர் வந்து பெட்டியை ஆன் செய்தார். சத்தம் இல்லை. வால்வு எரியவில்லையோ என்று குனிந்து பார்த்தார். எரிந்தது. கிடாரை மாட்டி ஒரு கம்பியைத் தட்டினார். கோயில் மணி அடித்து ஓய்கிற மாதிரி, அந்த ஒரு சத்தம் மட்டும் எங்கள் வீட்டுக்குள் வட்டம் போட்டுச் சுற்றியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் ஏதோ திருகினேன், அவ்வளவுதான். இந்தச் சத்தத்தைக் கட்டினவர் அவர்.

நேற்று ஒரு கண்டென்சரை மாற்றினேனே, அதுதான் வேலை செய்துவிட்டது என்றார். ஆமாம் என்று காபியை நீட்டினேன். பெண்டாட்டி சரி செய்தாள் என்று தெரிந்தால், தானே கண்டுபிடிப்பதற்காக எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் போட்டுவிடுவார். ஒரு மணி நேரத்தில் மூடி ஏறியது. எட்டு ஸ்க்ரூ. நான் எண்ணினேன்.

அதற்கப்புறம் ஹம் ஒழித்த கதையை பஸ்ஸில் சொன்னார், சங்கத்தில் சொன்னார், சலூனில் பாதி முகம் நுரையோடு சொன்னார். போன வாரம் அதைக் கேள்விப்பட்டு, கடையநல்லூரிலிருந்து அல் அமீன் என்று ஒருவர் வந்தார். துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறவர், அவரும் இதே மாதிரி ஒரு வால்வுப் பெட்டி கட்டி, இதே ஹம்மில் மாட்டிக்கொண்டவர். கண்டென்சரை மூன்று தடவை மாற்றியும் போகவில்லை என்றார். என் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு மூடியைத் திறந்தார்.

அல் அமீன் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டே வந்தவர், ஜாக்குக்கு வந்ததும் நின்றார்.

"அண்ணே, இது பால் பாட்டில் ரப்பர்லா?"

என் வீட்டுக்காரர் குனிந்தார். தன் பெட்டிக்குள் அப்படி ஒன்று இருப்பதை அந்த நிமிஷம்தான் பார்க்கிறார்.

"ஆமா."

"இது எதுக்குண்ணே?"

"சத்தம் அப்பதான் பால் மாதிரி வரும்."

அல் அமீன் என்னைப் பார்த்தார். நான் இடுப்பிலிருந்த ஸ்ருதியைப் பார்த்தேன்.

"ஸ்ருதி, சித்தப்பாகிட்ட சொல்லு. ஜாக்குல எர்த்துக்கு ரெண்டு வழி இருந்திச்சு, ஒண்ண அப்பா அடைச்சிட்டாவன்னு."

 என் வீட்டுக்காரர் முகம் சிவந்து, கறுத்து, கடைசியில் வேறு வழி இல்லாமல் சிரித்தது.

"ஏட்டி, ஒரு மாசமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதேன். ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீங்க நல்லாச் சொல்லுதீயளேன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"அப்ப என் பெட்டியையும் மதினியே பாத்துருங்க" என்றார் அல் அமீன். என் வீட்டுக்காரரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். எனக்குத் தலை கூரையை இடித்தது. "அதுக்கென்ன தம்பி, எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, கை வலிக்கிறதே என்று ஸ்ருதியைக் கீழே இறக்கிவிட்டேன்.

அல் அமீன் காருக்குப் போய், மல்லாந்து கிடக்கிற ஆமை மாதிரி மூடி இல்லாத ஒரு பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து, ஸ்ருதிக்கு எதிரே தரையில் வைத்தார்.

"பாத்துத் தொடுங்க மதினி. எங்களது நானூத்தம்பது."