அத்தானுக்குப் போன மாம்பழம்

பழத்தைப் பார்த்துப் படம் வரைபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். படத்துக்கு ஏற்றபடி பழத்தைத் திருத்தியவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. களுவாஞ்சிக்குடியில் அக்கா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்ட அத்தானை மட்டக்களப்பில் ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, சனிக்கிழமையில், அக்கா போய்ப் பார்க்கலாம். பாதை பூட்டிக்கிடந்த அந்த நாட்களிலும் எங்கெங்கோ அலைந்து ஒரு மாம்பழமும் இரண்டு தோடம்பழமும் வாங்கி வந்திருந்தாள்.

எனக்கோ சித்திரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. நீர்வர்ணத்தில் பழங்கள் வரைந்து பழக வேண்டும். (வீட்டிலிருந்த தேங்காயை ஏழு தடவை வரைந்துவிட்டேன்.) கெஞ்சிக் கேட்டதில், "கையால தொடாம படம் கீறு. அத்தான்ட பழம்" என்று சொல்லித் தட்டைத் தந்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், படம் முடிகிற நேரத்தில், மாம்பழத்தின் கன்னத்தில் சிவப்புக் கூடிவிட்டது. தாளில் ஊறிய சிவப்பை எடுக்க முடியாது. அதனால், அக்காவுக்குக் காட்டுவதற்கு முன், அதே சிவப்பைத் தடிப்பாகக் குழைத்து மாம்பழத்திலும் கொஞ்சம் பூசினேன். அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அப்படியே இருக்கிறது என்றாள். அந்தப் புகழில் மிதந்ததில் பழத்தைக் கழுவ மறந்துபோனேன்.

மறுநாள் அக்காவோடு நானும் போனேன். முகாம் வாசலில் ஒரு சிப்பாய் பழங்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தான். மாம்பழத்தைத் தொட்ட விரல் சிவந்தது. முகர்ந்து பார்த்தான்.

"என்ன இது? நஞ்சா?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். "மாம்பழத்துல என்னத்தடா பூசின நீ?"

"பெயின்ட்" என்றேன். (உண்மை பேசுவதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.) இன்னும் இருவர் தோளில் துவக்கோடு வந்தார்கள். நான் பரீட்சையைப் பற்றி விளக்கியது அவர்களுக்கு விளங்கவில்லை. சிப்பாய் மாம்பழத்தை என்னிடம் நீட்டினான்.

"சாப்பிடு."

தோலோடு தின்றேன். நல்ல இனிப்பான பழம். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். அது யாருக்கு வாங்கிய பழம் என்பது ஒவ்வொரு கடிக்கும் நினைவு வந்தது. கொட்டைவரை தின்று முடித்தபின், நான் விழுகிறேனா என்று பார்க்க மணலில் இருத்திவைத்தார்கள். வாயெல்லாம் சிவப்பாக நான் விழாமல் இருந்ததைப் பார்த்து முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும். அக்காவைத் தோடம்பழங்களோடு உள்ளே விட்டார்கள்.

திரும்பும்போது பஸ் பாதித் தூரம் வந்துவிட்டது. அக்கா வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"அத்தானுக்குச் சொன்னன். சிரிச்சாரு. பிடிச்ச நாளைக்குப் பிறகு இண்டைக்குத்தான் சிரிச்சாரு."

அத்தான் ஏழு மாதத்தில் வெளியே வந்தார். இன்றும் வீட்டுக்கு யார் பழம் கொண்டுவந்தாலும், "தம்பி தொட்டதா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். தெரியாதவர்களுக்கு முழுக் கதையும் கிடைக்கும். வருடங்கள் போகப் போக நான் தின்ற மாம்பழங்கள் மூன்றாகிவிட்டன. நான் மறுப்பதில்லை. அந்த ஏழு மாதங்களைப் பற்றி அத்தான் வாய் திறந்து சொல்லும் கதை இது ஒன்றுதான்.