கட்டிலை விட்டு இறங்கக் கூடாது

அகழி, மதில், கோட்டைக் கதவு என்று அரசர்கள் ஆயிரம் ஆண்டுகளாக முயன்று தோற்ற ஒரு காரியத்தை, காஞ்சிபுரம் செவிலிமேட்டில் வேல்முருகன் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடித்தார். தம் வீட்டை முழுப் 'பாதுகாப்பு' கொண்டதாக ஆக்கிவிட்டார். அவர் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். குண்டூசி வாங்குவதற்கே மூன்று விலைப்புள்ளி கேட்பவர், அலாரத்தைச் சும்மா வாங்கிவிடுவாரா?

ஒப்பீட்டுப் பட்டியல் தயாரானது. கம்பி உள்ளதா, கம்பி இல்லாததா என்பது குறித்து மனைவி துர்காவுடன் பேச்சுவார்த்தை நடந்தது.

"போன மாசம்தான் பெயின்ட் அடிச்சது. செவுத்துல ஒரு ஓட்ட வுழுந்துது, நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்றார் துர்கா.

கம்பியில்லா அலாரமே 'சாலச் சிறந்தது' என ஒருமனதாக முடிவாயிற்று.

கம்பெனியிலிருந்து தர்மன் டை கட்டிக்கொண்டு வந்தார். வாசல் கதவு, பின் கதவு இரண்டிலும், திறந்தால் காட்டிக்கொடுக்கும் காந்தம் ஒட்டினார். கூடத்தில் எது அசைந்தாலும் மோப்பம் பிடிக்கும் சென்சார், பக்கத்தில் பின் கதவுவரை பார்க்கும் கேமரா, படிக்கட்டுக்குக் கீழே சைரன் என்று பரிவாரங்களைப் பணியில் அமர்த்தினார்.

"ரெண்டு மோடு இருக்குது சார். ஆளு உள்ள இருந்தா ஹோம் மோடு, கதவ மட்டும் பாத்துக்கும். வூடு காலியா இருந்தா அவே மோடு, எல்லாம் ஓடும்."

"எது ஒசத்தி?"

"ஒசத்தின்னு இல்ல சார். அவேல எல்லாமே வேலை செய்யும்."

"அப்ப அதுவே இருக்கட்டும். பாதி வேலை செய்யறதுக்கா முழுசா வாங்குனோம்?"

"வூட்ல பெரியவர் இருக்காரே சார்?"

பெரியவர் துரைக்கண்ணு, வேல்முருகனின் அப்பா. எழுபத்தெட்டு வயது, மூட்டுவலி, சர்க்கரை. கூடத்து மூலைக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அவர் எங்க போகப்போறாரு? கட்டில்லதான் கிடப்பாரு" என்றார் வேல்முருகன். தர்மன் சென்சாரைக் கொஞ்சம் திருப்பினார். கட்டிலுக்கு மட்டும் 'விலக்கு' அளிக்கப்பட்டது.

அலாரம் அடித்தால் ஐந்து பேருக்குப் போன் போகும். அந்த ஐவரையும் வேல்முருகன் சல்லடை போட்டுச் சலித்துத் தேர்ந்தெடுத்தார். தம்பி, மச்சான், சகலை, சித்தப்பா, பெரியம்மா மகன். ஒருவர்கூட வெளியாள் இல்லை.

பக்கத்து வீட்டு எஸ்தர் வெளியாள். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூல் சுற்றும் வேலை. வேல்முருகன் வீட்டு மாற்றுச் சாவி ஆறு ஆண்டுகளாக அவரிடம் இருந்தது. அந்த ஆறு ஆண்டுகளில் ஒரு டம்ளர்கூடக் காணாமல் போகாதது வேல்முருகனின் ஐயத்தை மேலும் வலுப்படுத்தியிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க எஸ்தரம்மா. உங்க மேல ஒண்ணும் இல்ல. சிஸ்டம் ஒத்துக்காது."

"அதுக்கென்ன சார், சிஸ்டம் சொன்னா சரிதான்" என்று எஸ்தர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு காலை மச்சான் மகளுக்குக் கல்யாணம். காரில் பதினொரு சீர்த்தட்டுகள் ஏறியதால் துரைக்கண்ணுவுக்கு இடம் இல்லாமல் போயிற்று.

"நைனா, மாத்திர போட்டியா? நாங்க வர்ற வரைக்கும் கட்டில வுட்டு எறங்காத. எறங்குனா சைரன் அடிக்கும்."

"ஒண்ணுக்கு வந்தா என்னாடா பண்றது?"

"சீக்கிரம் வந்துடுவோம்பா" என்று சொல்லி, வேல்முருகன் 'அவே'யை அழுத்தினார். அவசரத்தில் துர்கா பெரியவருக்கான இட்லியைச் சமையலறை மேடையிலேயே வைத்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை.

மண்டபத்தில் முகூர்த்த நேரம். கையில் அட்சதையோடு உட்கார்ந்திருந்த தம்பியின் போன் அடித்தது.

"அண்ணா, உன் வூட்லேந்து போன் வருது."

"நான் இங்கதானடா இருக்கேன்? எடுக்காத."

அடுத்து சகலைக்கு. அடுத்து சித்தப்பாவுக்கு. பெரியம்மா மகன், "பூனை எதுனா பூந்திருக்கும்பா" என்று தீர்ப்பு சொன்னார். கடைசியாக, மணமேடையில் மகளைத் தாரை வார்த்துக்கொண்டிருந்த மச்சானின் மடியில் போன் அலறியது. ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். ஐந்து உறவினரையும் ஒரே நிமிடத்தில், ஒரே கூரையின் கீழ் எட்டிப்பிடித்த அலாரம் உலகில் வேறு உண்டா? வீட்டுப் பக்கம் போகத்தான் ஒருவரும் மிச்சமில்லை.

வேல்முருகன் கைப்பேசியில் கேமராவைத் திறந்தார். பின் கதவருகே ஒரு பெண்ணின் முதுகு தெரிந்தது. செயலியில் பேச்சுப் பொத்தானை அழுத்தி, வீட்டுக் கூடமே அதிரக் கத்தினார்.

"யாரது? கையத் தூக்கு!"

"தூக்குனா சக்கர தண்ணி கொட்டிடும் சார்." எஸ்தர் திரும்பவே இல்லை. "பெரியவர் மயங்கி வுழுந்துட்டாரு. ஒடம்பு வெடவெடன்னு நடுங்குது. குடுத்துக்கினு இருக்கேன்."

"உள்ள எப்படி வந்தீங்க?"

அப்பா மயங்கி விழுந்தார் என்றதும் மகன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

மாத்திரை வேலை செய்து, இட்லி உள்ளே போகாமல், துரைக்கண்ணுவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. கண் இருட்டவே சமையலறைக்குப் போகக் கட்டிலை விட்டு இறங்கினார். சைரன் அலறியது. ஓடிவந்த எஸ்தரிடம் சாவி இல்லை. பின் கதவைத் தட்டி, "அப்பா, தாழ்ப்பாள மட்டும் தள்ளிடுங்கப்பா" என்று அவர் கெஞ்ச, கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்த் தள்ளிவிட்டு அங்கேயே சரிந்தார்.

இதைக் கேட்டதும், தாலி கட்டும்வரைகூட நிற்காமல் வேல்முருகன் துர்காவை இழுத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கு வந்தபோது துரைக்கண்ணு கட்டிலில் சாய்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். எஸ்தர் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருந்தார். உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது வேல்முருகனுக்கு. கொஞ்ச நேரம் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு, கண்காணிப்பாளர் அல்லவா, அறிக்கையைப் பார்த்தார். கேமராவில் வேல்முருகன், துர்கா இருவர் முகம்தான் பதிவு செய்யப்பட்டிருந்தது. ஆகவே அது 'அறிமுகமற்ற நபர்கள்: 2' என்று தலைப்பிட்டு இரண்டு படங்களை அனுப்பியிருந்தது. ஒன்று எஸ்தர். இன்னொன்று துரைக்கண்ணு. கீழே, 'இவரைத் தெரியுமா?' என்று ஒரு கேள்வி.

"பாத்தியா நைனா, எவ்ளோ கரெக்டா புடிச்சிருக்குது! மூஞ்சி தெளிவா வுழுந்திருக்குது பாரு."

துரைக்கண்ணு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எஸ்தருக்குத் தெரியும்னு போடு."

"போட்டுட்டேன். உனக்கும் போட்டுடறேன் இரு."

"என்னுத அப்படியே வுடுடா. மெசினு அதுல தப்பு பண்ணல."