டஜன் கணக்கில் கடல்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான் சுகம். என் மனைவியும் சுகமாகத்தான் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். ஒன்பது நாளாக அவள் என்னிடம் எதுவும் சொல்வதில்லை. அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும், உங்கள் வீட்டுக்கு வாழ வந்த என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதக் கடற்கரைப் பயணத்துக்கு நீங்கள் இருவரும் வர வேண்டாம். எழுதிவிட்டேன். இதைச் சொல்லத்தான் இரண்டு முறை ஃபோன் செய்தேன். உங்கள் குரலைக் கேட்டதும் வாய் தன்பாட்டுக்கு "அவசியம் வந்துடணும்" என்று சொல்லிவிட்டது. அதனால்தான் கடிதம். தயவு செய்து என் மகளிடம் காட்ட வேண்டாம்.

நடந்தது என்னவென்றால், நான் ஓய்வு பெற்ற அன்று என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். கல்யாணமாகி முப்பத்து நாலு வருடத்தில் அவள் கேட்ட முதல் விஷயம் என்று அவள் சொல்கிறாள், இரண்டாவது என்று எனக்கு ஞாபகம். "ஒரு தடவை நாம ரெண்டு பேரும் கடலுக்குப் போகணும். சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்" என்றாள். நானும் உடனே சரி என்று விடுதிக்கு ஃபோன் போட்டேன். மேலாளர் சொன்ன வாடகையைக் கேட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் அவர் போகிற போக்கில், பன்னிரண்டு பேராக வந்தால் ஆளுக்குப் பாதிதான் என்று ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. நான் முப்பது வருடம் ஆஸ்பத்திரி ஸ்டோரில் பஞ்சும் ஊசியும் பினாயிலும் டஜன் கணக்கில் வாங்கியவன். ஒன்றாக வாங்குகிறவனைப் பார்த்தாலே எனக்குப் பரிதாபமாக இருக்கும். பாதி விலை என்று காதில் விழுந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது?

ஆகவே ஆள் பிடிக்கக் கிளம்பினேன். நாங்கள் இருவர், மரியாதைக்கு முதலில் அழைத்த நீங்கள் இருவர். மாடிவீட்டு டிரைவிங் ஸ்கூல்காரர், அவர் மனைவி, தலைக்கு மேல் வளர்ந்த இரண்டு பிள்ளைகள். எனக்கு முடி வெட்டுகிறவரும் அவர் அண்ணனும். கத்தரி காதருகே இருக்கும்போது கேட்டதால் அவர் தலையாட்டினாரா, நான் ஆட்டினேனா என்று இன்னும் தெரியவில்லை. கடைசியாக ஸ்டோரில் என்னோடு வேலை பார்த்த, நாங்கள் 'தும்மல்' என்று கூப்பிடுகிறவர், அவர் மனைவி. டஜன் சரியாக நிறைந்தது. மறுநாளே தும்மல் தன் மச்சினியையும் சகலையையும் சேர்த்துவிட்டார். அவர்களைக் கழற்றிவிட்டால் தும்மலும் கோபித்துக்கொண்டு கழன்றுவிடுவார், டஜன் உடைந்துவிடும். அதனால் பதினாலு பேர்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. பாதி விலை மழைக்காலத்துக்கு மட்டும்தானாம். "காத்து கொஞ்சம் இருக்கும் சார், ஜன்னலைத் திறக்காதீங்க, அவ்வளவுதான்" என்கிறார் மேலாளர். அறை கிடையாது, ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம், இரண்டும் ஜெனரேட்டர் பக்கம் பார்த்தவை. தலையணைக்குத் தனி வாடகை. போக்குவரத்து மட்டும் இலவசம், ஏனென்றால் டிரைவிங் ஸ்கூல் வேனை அந்த ஸ்கூலில் ஓட்டப் பழகுகிற ஒரு தையற்காரர் தன் நெடுந்தூரப் பாடமாக ஓட்டுகிறார். அவருக்கு ரிவர்ஸ் இன்னும் வரவில்லையாம். போவதற்கு அது தேவைப்படாது என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மிச்சமாகும் தொகையைச் சிவப்பு மையில் கோடிட்டு, பெருமையாக மனைவியிடம் நீட்டினேன். அவள் நிதானமாகப் படித்துவிட்டு, "நான் ரெண்டு பேர்னு சொன்னேன்" என்றாள். தாளை நாலாக மடித்து ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் வைத்தாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. தேநீர் வருகிறது, சாப்பாடு வருகிறது, தட்டை வைக்கும் சத்தத்தில்தான் அவள் மனநிலையை நான் தெரிந்துகொள்கிறேன். மேஜை மட்டும் ஆடுவதில்லை. சம்பந்தி, உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் திட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நேற்று மேலாளர் ஒரு வழி சொன்னார். கூடத்தை ஒட்டி ஒரு சின்னப் பக்க அறை இருக்கிறது. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், எட்டிப் பார்த்தால் ஓரமாகக் கொஞ்சம் கடல். பதினாலு பேர் வந்தால் அதில் பெட்டிகளைப் போட வேண்டும்; பன்னிரண்டு பேர் என்றால் அது காலி. நீங்கள் இருவரும் பெரிய மனது வைத்து விலகிக்கொண்டால் டஜனும் நிற்கும், அந்த அறையும் என் மனைவிக்குக் கிடைக்கும். அவள் மறுபடி என்னோடு பேசுவாள். நீங்கள் பயணத்துக்கென்று தொப்பி வாங்கிவிட்டதாக மகள் சொன்னாள். அது உங்களுக்கு நஷ்டமாகக் கூடாது, நானே வாங்கிக்கொள்கிறேன், பாதி விலைக்கு.

சம்பந்தியம்மாவுக்கு என் பணிவான வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள், இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் ஒற்றுமையாக இருக்கட்டும்.

என்றும் உங்கள் மன்னிப்பை வேண்டும்
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடி உள்ளே போனேன். கட்டிலின் மேல் பெட்டி திறந்திருந்தது, மனைவி துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளுக்குப் பிறகு வாயைத் திறந்து, "நாளைக்குக் காலைல கடலுக்குக் கிளம்புறோம். வேற விடுதி. ரெண்டு பேர்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் சட்டைகளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். "நானும் சம்பந்தியம்மாவும்" என்றாள். தள்ளுபடி ஏதாவது உண்டா என்று கேட்டுத் தொலைத்தேன். "கடல் பாத்த ரூம். முழு விலை. உங்க டஜன்லேர்ந்து எங்க ரெண்டு பேரையும் அடிச்சிடுங்க" என்றாள். அவள் இவ்வளவு சந்தோஷமாகப் பெட்டி அடுக்கி முப்பத்து நாலு வருடத்தில் நான் பார்த்ததில்லை. இந்தக் கடிதம் வந்து சேரும்போது உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி குறைந்திருக்கும்.

ஆகவே மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் நீங்கள் அவசியம் வர வேண்டும். பதினாலில் இரண்டு போனால் சரியாகப் பன்னிரண்டு. நீங்களும் நின்றுவிட்டால் பதினொன்று. பக்க அறையை நம் இருவருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஜன்னல் பக்கக் கட்டிலை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பியும் ஒரு தலையணையும் கொண்டு வரவும்.