குஞ்சம்மாள் வீட்டுக் கடல்

சின்னசேலத்துக்கு அருகே, கோப்பு இன்னும் முடியாததால் பெயர் வெளியிட முடியாத ஒரு கிராமத்தில், கூலி வேலை செய்யும் குஞ்சம்மாள் அரசுத் திட்டத்தின்படி கக்கூஸுக்குக் குழி தோண்டினாள். இடுப்பளவு ஆழத்தில் கல் தட்டியது. கல் முழுக்கச் சிப்பிகள், சுருள் சுருளாக நத்தை ஓடுகள், நடுவே ஒரு மீன்முள்.

பாறை ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடல் இருந்தது, செத்த சிப்பிகள்மேல் சேறு அடுக்கடுக்காகப் படிந்து, இறுகிக் கல்லானது என்று எழுதிக் கொடுத்துவிட்டு மகிழ்ச்சியோடு போனார்.

அறிக்கையைப் படித்த வருவாய் ஆய்வாளர் பூமாலை கடமை தவறாதவர். உடனே நோட்டீசோடு வந்து நின்றார்.

"நீர்நிலை ஆக்கிரமிப்பும்மா. வூட்ட இடிக்கணும்."

"இன்னா சார் இது? ஏரியிலயே தண்ணி இல்ல. கடல் எங்க கீதுங்க?"

"வத்திப்போனா ஏரி இல்லன்னு ஆயிடுமா? கடலுக்கும் அதே சட்டம்தான்."

"அது போயி பத்து கோடி வருசம் ஆவுதுங்களே!"

"போனது அதோட சௌகரியம். போறப்ப உன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டுப் போச்சா?"

"பட்டா கீதுங்க சார். நீங்கதான குடுத்தீங்க?"

"அப்ப எங்களுக்குக் கடல் இருந்தது தெரியாதே."

இடிக்கும் நாளில் ஜேசிபியோடு டிரைவர் காஜா வந்தார். குஞ்சம்மாள் வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"ஏன் பாய், உன் வண்டி கடல்ல ஓடுமா?"

காஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு பூமாலையிடம் திரும்பினார். "ஆமாங்க சார், கடல்ல எறங்க பர்மிட் இல்லீங்க. முழுவிப்போச்சின்னா யாரு பொறுப்பு?"

பூமாலை யோசித்தார். நியாயம்தான். கப்பல் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். தண்ணீர் வந்ததும் கப்பல் வரும் என்று பதில் வந்தது. "அதுவரை மேற்படி வீடு தற்காலிகமாக மிதக்க அனுமதிக்கப்படுகிறது" என்று உத்தரவு போட்டார்.

கடலில் மிதக்கும் வீட்டுக்கு வரி கிடையாது என்பதை ஊர் இரண்டே நாளில் கண்டுபிடித்தது. குஞ்சம்மாளைப் பார்த்துச் சிரித்த தெரு முழுவதும் தோண்ட ஆரம்பித்தது. சிப்பி கிடைக்காதவர்கள் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிவந்து காட்டினார்கள். டீக்கடைக்கு 'அலையோசை' என்று பெயர் வந்தது. வருவாய் அலுவலகம் வாடகைக் கட்டடம். அதன் சொந்தக்காரர் கரீமும் ஒரு சிப்பியைக் கொண்டுவந்து நீட்டினார். பூமாலை எல்லோருக்கும் பாரபட்சமின்றிக் கையெழுத்துப் போட்டார். ஊர் முழுவதும் கடலானது.

சித்திரையில் குழாய்களில் தண்ணீர் வருவது நின்றது. குடங்களோடு பெண்கள் அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். முன்னால் குஞ்சம்மாள்.

"குடிக்கத் தண்ணி வுடுங்க சார்!"

பூமாலை கோப்பைப் புரட்டிக் காட்டினார். "குடிநீர் வாரியம் கேக்குது: கடலுக்குத் தண்ணி வுடச் சொல்லி எந்த சட்டத்துல கீது?"

"அப்ப நீங்க இன்னா குடிப்பீங்க?"

பூமாலை எழுந்துபோய் அலுவலகக் குழாயைத் திருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது.

திரும்பிவந்து உட்கார்ந்து, 'கடற்காற்று' என்று கோப்பில் குறித்துக்கொண்டார்.