மச்சான் வயலின் பச்சை

"எங்கண்ணன் வயலைப் பாத்தீங்களா? கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு. நம்மளது மட்டும் ஏன் இப்படிச் சோகை பிடிச்சுக் கெடக்கு?"

மனைவி வரப்பில் நின்று கேட்டதும் தபால்காரருக்குச் சுருக்கென்றது. ஓய்வு பெற்ற கையோடு மண்வெட்டி பிடித்தவர் அவர். அடுத்த வயல்காரன் மனைவியின் அண்ணனாகவும் வாய்த்துவிட்டால் மனிதன் எத்தனை நாள்தான் பொறுப்பான்? அன்றே ஒரு மூட்டை யூரியாவை வாரி இறைத்தார்.

பயிர் பச்சை கட்டியது. ஆனால் மச்சான் பயிர் அதைவிடக் கரும்பச்சையாகக் கிளம்பி நின்றது.

"திருட்டுத்தனமா ஏதோ போடுறான்!" என்று பல்லைக் கடித்தவர், இன்னொரு மூட்டையைப் பிரித்தார்.

இந்த முறை இலையெல்லாம் கண் வடிவத்தில் புள்ளிகள். நடுவே சாம்பல், ஓரத்தில் பழுப்பு. உரக்கடைக்காரர் இலையைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"குலை நோய். யூரியா அதிகமானா இந்தப் பூஞ்சாணத்துக்குக் கொண்டாட்டம். மருந்து தர்றேன், அடிங்க. யூரியா பக்கமே போயிடாதீங்க."

அடித்தார். நோய் கொஞ்சம் அடங்கியது. தபால்காரரால்தான் அடங்க முடியவில்லை.

"சீக்காளிக்கு மருந்து மட்டும் குடுத்தாப் போதுமா? சத்து வேண்டாமா?"

"கடைக்காரர் வேண்டாம்னு சொன்னாரேங்க."

"அவன் உங்கண்ணனோட ஆளு!"

மூன்றாவது மூட்டையும் வயலில் இறங்கியது.

கதிர் வெளிவந்த வேகத்தில் கழுத்து கறுத்து ஒடிந்தது. வயல் முழுக்க நெருப்பு தின்ற மாதிரி ஆனது. அரிவாளுக்கு வேலையே இல்லை. மச்சான் வயலிலோ கதிர்கள் பாரம் தாங்காமல் தலை சாய்த்திருந்தன.

தபால்காரர் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மச்சான் வீட்டுப் படியேறினார். மச்சான் வெளியே போயிருந்தார். அவர் மனைவி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

சொம்பை வாங்கியவர் குடிக்கவில்லை.

"உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேம்மா, மறைக்காம சொல்லு. மச்சான் அப்படி என்ன உரத்தைத்தான் போட்டாரு?"

"நாங்க எங்கே அண்ணே போட்டோம்? நடவுக்கு முந்திப் போட்ட சாணி எருவோட சரி. உங்க வரப்புல இருக்கிற நண்டு வளை வழியா நீங்க போட்டதுதான் தண்ணியோட எங்க வயலுக்கு வந்துச்சே. அதனால இந்தப் போகம் அவரு உரக்கடைப் பக்கமே போகலை!"